ஐயரம்மா, உங்கள் ஹீமோகுளோபின் எவ்வளவு?

எங்கள் வட்டாரத்து லுத்தரன் சபைகளில், நர்ஸாக வேலை பார்த்த ஒரு ஐயரம்மா, அதாவது போதகரின் மனைவி, காலமாகிவிட்டால் அடக்க ஆராதனையில் பெரும்பாலும் நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்தைத்தான் வாசிப்பார்கள். குணசாலியான ஸ்திரீயைப் பற்றிய பகுதி. இரவிலும் அவள் விளக்கு அணையாது என்று வரும் இடத்தைப் போதகர் அழுத்திச் சொல்வார். வாழ்நாளில் பாதி நைட் டியூட்டி பார்த்தவருக்கு அது அப்படியே பொருந்தும். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து பேசுவார்கள். தனக்கென்று எதையும் கேட்காதவர். காய்ச்சலோடும் வார்டுக்குப் போனவர். டியூட்டி முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் சபையார் வீட்டுத் துக்கத்தில் வந்து உட்கார்ந்தவர். பிரசவமான சில வாரங்களிலேயே ஞாயிறு பள்ளிக்கு வந்து நின்றவர்.

சொல்வதெல்லாம் உண்மை. நானும் அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். ஆனால் பிரசவ வார்டிலும், பிறகு மருத்துவமனைப் பணியாளர்களுக்கான கிளினிக்கிலும் வெகுகாலம் வேலை பார்த்த நர்ஸ் நான். அந்தப் பேச்சுகளைக் கேட்கும்போது, நோயாளியை அட்மிட் செய்கையில் நாங்கள் எழுதும் கேஸ் ஷீட் மாதிரிதான் என் காதில் விழுகிறது. தூக்கம் இல்லை, நேரத்துக்குச் சாப்பாடு இல்லை, காய்ச்சலுக்கு ஓய்வில்லை, பிரசவத்துக்குப் பிறகு உடம்பு தேற அவகாசம் இல்லை. இத்தனையும் அர்ப்பணிப்பின் அடையாளமாகச் சொல்லப்படுகிறது. கேட்டுக்கொண்டிருக்கும் இளம் ஐயரம்மாக்கள், தாங்களும் இப்படித்தான் இருக்க வேண்டும் போல என்று மனதில் எழுதிக்கொள்கிறார்கள். எனக்குக் கவலையெல்லாம் அவர்களைப் பற்றித்தான்.

இப்படி வாழ்ந்து மறைந்த ஒரு பெண்ணை இங்கே நினைவுகூர விரும்புகிறேன். இன்றைய செவிலியர் கல்விக்கு விதை போட்டவர்களில் ஒருவர். நர்ஸிங் பள்ளிகளில் நைட்டிங்கேல் பெயரைச் சொல்லிக்கொடுக்கிறோம். இவர் பெயரைச் சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு.

பிரீடரிக்கே ஃபிளீட்னர். 1800-இல் ஜெர்மனியின் பிரவுன்ஃபெல்ஸில் பிறந்தவர். 16 வயதில் தாயைப் பறிகொடுத்தார். மூத்த பிள்ளை என்பதால் தம்பி தங்கைகளை வளர்க்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. பிறகு ஆதரவற்ற குழந்தைகளுக்கான விடுதி ஒன்றில் வேலை செய்தார். 1828-இல் கைசர்ஸ்வெர்த் ஊர்ப் போதகர் தியோடர் ஃபிளீட்னரை மணந்தார். ரைன் நதிக்கரையில் இருந்த சின்ன ஊர் அது. இன்று டூசல்டோர்ஃப் நகரத்தோடு சேர்ந்துவிட்டது. பிரஷ்ய அரசர் 1817-இல் லுத்தரன் சபைகளையும் கால்வின் வழி வந்த ரிஃபார்ம்டு சபைகளையும் இணைத்து உருவாக்கிய சபையில்தான் தியோடர் ஊழியம் செய்தார். இருந்தாலும் உலகம் முழுவதும் லுத்தரன்கள் அவரைத் தங்கள் வீட்டு மனிதராகவே எண்ணுகிறார்கள். அமெரிக்க லுத்தரன் சபையின் நினைவு நாட்காட்டியில் அக்டோபர் 4-ஆம் தேதி அவருடையது.

சிறையிலிருந்து விடுதலையான பெண்களுக்குப் போக்கிடம் இல்லை என்பது இருவருக்கும் உறுத்தலாக இருந்தது. 1833-இல் அப்படி ஒரு பெண் அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோது, தோட்டத்தில் இருந்த ஒரு சின்ன அறையை அவளுக்குக் கொடுத்தார்கள். நீள அகலம் 12 அடிக்கு மேல் இல்லாத இடம் அது. அங்கிருந்து தொடங்கிய வேலை, 1836 அக்டோபரில் ஒரு மருத்துவமனையாகவும் செவிலியர் பயிற்சி நிலையமாகவும் வளர்ந்தது. வீடு வாங்கக் கையில் காசில்லை, தட்டுமுட்டுச் சாமான்கள்கூடப் பாதி உடைந்தவை. முதலில் வந்து சேர்ந்த நோயாளி ஒரு கத்தோலிக்க வேலைக்காரப் பெண். பயிற்சிக்கு முதலில் வந்தவர் கெர்ட்ரூட் ரைஹார்ட். ஒரு டாக்டரின் மகள், அப்போதே வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. திருமணமாகாத பெண்களுக்கு மரியாதையான வேலை என்று பெரிதாக எதுவும் இல்லாத காலம். இங்கே பயிற்சி பெற்று ஊழியம் செய்த, டீக்கனஸ் என்று அழைக்கப்பட்ட சகோதரிகள் திருமணமான பெண்கள் அணியும் வெள்ளைத் தொப்பியை அணிந்துகொண்டார்கள். அந்தத் தொப்பி இருந்தால் தெருவில் யாரும் ஏளனமாகப் பார்க்க மாட்டார்கள்.

பயிற்சி நிலையத்தின் முதல் தலைவி பிரீடரிக்கே. யாரைச் சேர்ப்பது, யார் எந்த வேலைக்குப் பொருத்தம், புதிதாக வந்தவர்களை எப்படிப் பழக்குவது எல்லாம் அவர் பார்வையில் நடந்தன. கணவர் நன்கொடை திரட்ட ஊர் ஊராகப் போனபோது வீட்டையும் மருத்துவமனையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். இதற்கு நடுவே கர்ப்பம், பிரசவம், மறுபடி கர்ப்பம். பிறந்த பிள்ளைகளில் பலர் தங்கவில்லை. வளர்ந்து ஆளானவர்கள் மூன்று பேர்தான். 14 வருட மணவாழ்க்கைக்குப் பிறகு, 1842 ஏப்ரல் 22-ஆம் தேதி, பிரசவத்தை ஒட்டி இறந்தார். வயது 42.

இந்த வயதை நான் மாணவிகளிடம் அழுத்திச் சொல்வேன். அந்தக் காலத்தில் பிரசவத்தில் சாவது எங்கும் நடந்ததுதான். பிரசவம் பார்ப்பவர் கையைக் குளோரின் கரைசலில் கழுவினால் பேறுகாலக் காய்ச்சல் குறையும் என்று செம்மல்வெய்ஸ் வியன்னாவில் காட்டியது 1847-இல். பிரீடரிக்கே இறந்து 5 வருடம் கழித்து. இரத்தம் ஏற்றும் வசதி, ஆன்டிபயாடிக், குடும்பக் கட்டுப்பாடு எதுவும் அன்று கிடையாது. அவர் உடம்பைக் காப்பாற்ற அன்றைய மருத்துவத்துக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். இன்று நமக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் ஐயரம்மாக்களின் உடம்பை ஏன் யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் என் கேள்வி.

ஃபிளீட்னர் மறுவருடம் கரோலின் பெர்தோவை மணந்தார். ஹாம்பர்க் மருத்துவமனையில் பெண்கள் பிரிவைக் கவனித்துவந்தவர் அவர், அனுபவமுள்ள செவிலியர். முதல் மனைவியின் பிள்ளைகளை வளர்த்தார், தானும் 8 பிள்ளைகளுக்குத் தாயானார், கணவர் 1864-இல் இறந்த பிறகும் 1883 வரை அந்த நிறுவனத்தை நடத்தினார். நைட்டிங்கேல் 1851-இல் 3 மாதம் கைசர்ஸ்வெர்த்தில் தங்கிப் படித்தது இவருடைய காலத்தில்தான். வயதான பின்பு நைட்டிங்கேல் அந்த இடத்தைப் பற்றிச் சொன்னதை நம் நர்ஸிங் பள்ளிகளில் யாரும் பேசுவதில்லை. அங்கே நர்ஸிங் என்று சொல்ல ஒன்றுமில்லை, சுகாதாரம் படுமோசம், ஆனால் அவ்வளவு தூய அர்ப்பணிப்பை வேறெங்கும் பார்த்ததில்லை என்ற பொருளில் அவர் எழுதினார். அர்ப்பணிப்புக்கு எவ்வளவு மதிப்புக் கொடுத்தாலும், கை கழுவாவிட்டால் காய்ச்சல் வரத்தான் செய்யும். இரும்புச்சத்து இல்லாவிட்டால் இரத்தம் குறையத்தான் செய்யும். உடம்புக்கு ஊழியம், உத்தியோகம் என்ற வித்தியாசம் தெரியாது.

தமிழ்நாட்டுக்கும் லுத்தரன் விசுவாசத்துக்கும் இருக்கும் உறவு பழையது. லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியது 1706 ஜூலையில். தமிழ் சுவிசேஷ லுத்தரன் சபை 1919-இல் உருவானது. ஆம்பூர் பெதஸ்தா, திருப்பத்தூர் சுவீடிஷ் மிஷன் மருத்துவமனை என்று லுத்தரன் மிஷன்கள் தொடங்கிய மருத்துவமனைகள் எத்தனையோ குடும்பங்களில் மகளை நர்ஸிங் படிக்க அனுப்பும் வழக்கத்தை உண்டாக்கின. நர்ஸிங் படித்த பெண் போதகருக்கு வாழ்க்கைப்படுவது நம் பக்கத்தில் சகஜம். போதகருக்குச் சம்பளம் சொற்பம், அவருக்கு இடமாற்றம் வந்துகொண்டே இருக்கும். நர்ஸ் வேலை எந்த ஊருக்குப் போனாலும் கிடைக்கும், வீட்டுச் செலவுக்கும் கைகொடுக்கும்.

ஆனால் அந்தப் பெண்ணுக்கு மூன்று வேலை. வார்டு ஒன்று, வீடு ஒன்று. மூன்றாவது வேலைக்குச் சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது: பெண்கள் சங்கம், ஞாயிறு பள்ளி, வீடு சந்திப்பு, அசனத்துக்கு (சபை விருந்துக்கு) காய்கறி நறுக்குவது, சபையில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் நடு இரவில் வந்து ஊசி போடுவது. போதகருக்குச் சபை சம்பளம் கொடுக்கிறது, அந்தச் சம்பளத்தோடு அவர் மனைவியின் உழைப்பும் தானாக வந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

கிளினிக்குக்கு வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடியவற்றை மாற்றியிருக்கிறேன். முப்பதைத் தொட்ட வயது, ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ், கணவர் போதகர். இரண்டு குழந்தைகள், சின்னவனுக்கு ஒன்றரை வயதுகூட ஆகவில்லை, வயிற்றில் மூன்றாவது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று சொன்னார். அதையும் அவராகச் சொல்லவில்லை, கூட வந்த மாமியார்தான் சொன்னார்.

"எத்தனை நாளா இப்படி இருக்கும்மா?"

"அது வேலை ஜாஸ்தி சிஸ்டர். லெந்து நாட்கள் (தவக்காலம்) இல்லையா, தினமும் சாயங்காலம் கூட்டம்."

கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 6.8. தினமும் பத்து கர்ப்பிணிகளின் இமையை இழுத்துப் பார்க்கிற பெண், தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்து அதைக் கவனிக்கவில்லை. அரிசியை அப்படியே வாயில் போட்டு மெல்லத் தோன்றுமா என்று கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே ஆமாம் என்றார். இரத்த சோகை உள்ளவர்களுக்கு அரிசி, ஐஸ், சாம்பல், மண் என்று இப்படி ஆசை வருவதுண்டு. பலர் இதை வெளியே சொல்லவே மாட்டார்கள்.

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் இரத்த சோகை, 7-க்குக் கீழே இருந்தால் கடுமையானது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு எல்லை 12. இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்த சோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. நர்ஸ் என்பதால் யாருக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. பிரசவத்தில் அரை லிட்டருக்கு மேல் இரத்தம் போனால் அதிக இரத்தப்போக்கு என்கிறோம். நல்ல இரத்தமுள்ள பெண்ணின் உடம்பு அதை ஓரளவு தாங்கும். ஹீமோகுளோபின் 6, 7 என்று இருப்பவருக்கு அதைவிடக் குறைவாகப் போனாலும் இதயம் தடுமாறிவிடும். இதை நான் பிரசவ அறையில் கண்ணால் பார்த்திருக்கிறேன், திரும்பப் பார்க்க விரும்பவில்லை.

காரணங்களும் தெரிந்தவைதான். அடுத்தடுத்த கர்ப்பம், மாதவிலக்கில் அதிகப் போக்கு, கொக்கிப்புழு, எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுவது. மாத்திரையைத் தேதி பார்த்து வாங்கி வைத்துவிட்டு விழுங்காமல் விடுவதும் உண்டு. அதற்கு வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுக்கிறது என்று காரணம் சொல்வார்கள். மலம் கறுப்பது இரும்பினால்தான், பயப்பட வேண்டாம். வயிற்றைப் புரட்டினால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சைச் சாறோடு போட்டால் நன்றாகச் சேரும். முக்கியமாக, ஹீமோகுளோபின் சரியானவுடன் நிறுத்திவிடக் கூடாது. உடம்பின் இருப்பு நிறைய அதற்குப் பிறகும் சுமார் மூன்று மாதம் வேண்டும். மாத்திரையால் ஏறாவிட்டாலோ பிரசவம் நெருங்கிவிட்டாலோ நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவார்கள்.

அந்தப் பெண்ணுக்கு அட்மிஷன் தேவைப்பட்டது. கணவரை வரச் சொன்னேன். நல்ல மனிதர், பதறிப் போய்விட்டார். மனைவி ஒரு நாளும் முடியவில்லை என்று வாய் திறந்து சொன்னதே இல்லையாம். சொல்ல மாட்டார்கள் ஐயா, சொல்லக் கூடாது என்று பழக்கியிருக்கிறோம் என்றேன். அப்புறம் மார்டின் லுத்தர் 1522-இல் திருமண வாழ்க்கையைப் பற்றி எழுதியதை நினைவுபடுத்தினேன். ஒரு தகப்பன் விசுவாசத்தோடு குழந்தையின் துணியை அலசினால் உலகம் கேலி செய்யும், ஆனால் கடவுளும் தேவதூதர்களும் மகிழ்ச்சியோடு புன்னகைப்பார்கள் என்று லுத்தர் சொல்கிறார். "குருக்குலம் இறையியல் கல்லூரியில் படிக்கும்போது வாசித்திருக்கிறேன்" என்று அவரே சிரித்தார். வாசித்ததோடு நிற்கவில்லை. அன்றிலிருந்து இரவுச் சமையல் அவருடையது. பெண்கள் சங்கப் பொறுப்பைச் செயலாளர் அக்கா எடுத்துக்கொண்டார். நைட் டியூட்டியை மாற்ற மருத்துவரின் கடிதம் உதவியது. குழந்தை நிறைமாதத்தில் பிறந்தது. வீட்டுக்குப் போவதற்கு முன்னால் காப்பர் டி என்ற கருத்தடைச் சாதனத்தைப் போட்டுக்கொண்டார்.

இடைவெளி பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒரு குழந்தை பிறந்து 24 மாதமாவது ஆன பிறகுதான் அடுத்த கர்ப்பத்துக்கு முயல வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பெரும்பாலான லுத்தரன் சபைகள் கருத்தடையைத் தம்பதியின் மனசாட்சிக்கே விட்டிருக்கின்றன. திருமண ஆலோசனைக் கூட்டங்களில் போதகர்கள் இதைப் பேசினால் பாதி வேலை முடிந்தது. பிரீடரிக்கேவுக்கு இந்த வழி இல்லை. நம்மிடம் இருக்கிறது, அதுவும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாக.

மற்றவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வார்டில் பாத்ரூம் போக நேரமில்லை என்று தண்ணீர் குடிக்காமலே ஷிஃப்டை ஓட்டும் பழக்கம் நர்ஸ்களிடம் அதிகம். அப்புறம் நீர்க்கடுப்பு, கர்ப்பிணியாக இருந்தால் சிறுநீரகத் தொற்று வரை போகும். கர்ப்ப காலத்தில் விடாத தலைவலி, கண் மங்கல், முக வீக்கம் இருந்தால் பி.பி. பார்க்காமல் தூங்கப் போகாதீர்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை. முதல் தவணையோடு நின்றுபோன சீனியர் நர்ஸ்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஊசி குத்திவிட்டால் "பரவாயில்லை" என்று துடைத்துக்கொண்டு போகாமல் உடனே சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, அன்றே பதிவு செய்யுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் சில மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. 30 வயதைத் தாண்டியவர்கள் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குழந்தை பிறந்த பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் வெறுமையும் நீடித்தால் அதை விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்ல விடாதீர்கள். அது நோய், அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

இதையெல்லாம் சொல்லும்போது சில மூத்த அம்மாக்களுக்கு வருத்தம் வருவதுண்டு. நாங்கள் இப்படியெல்லாம் பார்த்தா ஊழியம் செய்தோம் என்பார்கள். அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. என்னை நர்ஸாக்கியவர்களே அவர்கள்தான். ஆனால் நீதிமொழிகள் 31-ஐ முழுவதும் வாசித்துப் பாருங்கள். அந்தக் குணசாலியான பெண்ணுக்கு வீட்டில் வேலைக்காரிகள் இருந்தார்கள் என்று அதே அதிகாரத்தில் வருகிறது. லுத்தரின் மனைவி கத்தரீனா, 1527-இல் விட்டன்பெர்க்கில் கொள்ளைநோய் வந்தபோது நிறைமாத வயிற்றோடு தன் வீட்டிலேயே நோயாளிகளைப் பராமரித்தவர். அந்த வீட்டிலும் அவருக்குத் துணையாக லேனே அத்தை இருந்தார். கைசர்ஸ்வெர்த்தில்கூடச் சகோதரிகளுக்கு நோய் வந்தாலும் வயதானாலும் 'தாய்வீடு' என்று அழைக்கப்பட்ட அவர்களுடைய தலைமை இல்லம் பார்த்துக்கொள்ளும் என்ற வாக்கு இருந்தது, ஓய்வுக்குத் தனி இல்லமும் இருந்தது. நம் ஐயரம்மாவுக்கு என்ன வைத்திருக்கிறோம்? கிருபையால்தான் இரட்சிப்பு, கிரியையால் அல்ல என்று பிரசங்கிக்கிற சபை நம்முடையது. அந்தச் சபையில் ஒரு பெண் மட்டும் ஓய்வெடுக்காமல் உழைத்துத் தன்னை நிரூபிக்க வேண்டியிருப்பது சரியா?

சபைக் கமிட்டியில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். போதகர் வீட்டம்மா வேலைக்குப் போகிறவராக இருந்தால், அவர் விருப்பப்பட்டு எடுத்துக்கொள்ளும் பொறுப்பு ஒன்று போதும். பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதம் அந்த ஒன்றையும் கேட்காதீர்கள். நைட் டியூட்டி முடிந்து வந்த காலையில் பார்சனேஜ் (போதகர் வீட்டு) கதவைத் தட்டாதீர்கள். அவசரமென்றால் 108 இருக்கிறது, ஆலோசனை கேட்க 104 இருக்கிறது. பண்டிகைக்குப் புடவை எடுத்துக் கொடுப்பதோடு, வருடத்துக்கு ஒரு முறை அவருடைய முழுப் பரிசோதனைச் செலவையும் சபைக் கணக்கில் எழுதுங்கள்.

ஐயரம்மாக்களே, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஹீமோகுளோபின் பார்க்கிறார்கள். விரலில் ஒரு குத்துதான், வெறும் வயிற்றில் போக வேண்டியதும் இல்லை. இந்த வாரம் போய்ப் பாருங்கள், வரும் எண்ணை வீட்டில் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். 12-க்குக் கீழே இருந்தால், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.